கசப்பு: பூச்சியம்

2091, மார்ச் 6.
இன்றைய பிழை: அண்ணனுடைய இணக்கிக்கு மின்கலம் மாற்ற வேண்டிய நாள் நேற்று. மறந்துவிட்டேன். அவனும் கேட்கவில்லை. இன்று காலை மாற்றினேன்.
நாளைய வேலை: உப்பளத் தெரு முகாமுக்கு இணக்கிப் பெட்டிகளை எடுத்துப் போக வேண்டும்.

எழுதியதை விண்ணரசி இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். ‘மறந்துவிட்டேன்’ என்பது சாக்குச் சொல்வதுபோலப் பட்டது. அதை அடித்துவிட்டு ‘கவனிக்கவில்லை’ என்று எழுதினாள். அது இன்னும் மோசமாக இருந்தது. மறுபடியும் ‘மறந்துவிட்டேன்’ என்றே எழுதி, நாட்குறிப்பை மூடி வைத்தாள்.

மாலை வகுப்பில் சேர்ந்த அன்றே ஆசிரியர் செண்பகராமன் பழக்கிவிட்ட வழக்கம் இது. பக்கத்தின் தலையில் அன்றைக்குச் செய்த பிழை ஒன்று, காலில் மறுநாள் வேலை ஒன்று. “பெரிய தப்ப எழுதாதீங்க. அது தானா வந்து கதவத் தட்டும். சின்னத எழுதுங்க. அதுதான் நம்ம கண்ணுல படாமப் போயிரும்” என்று அவர் சொல்லியிருந்தார். விண்ணரசிக்குச் சின்னப் பிழைகளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. பஸ்ஸில் சில்லறை வாங்க மறந்தது, வகுப்பில் தவறான விடைக்குக் கை தூக்கியது, அண்ணன் மனைவி மைனியிடம் உப்புக் குறைவு என்று சொன்னது என்று எல்லாவற்றையும் எழுதுவாள். எழுதிய பிறகு, இதுதான் அன்றைய பிழையா, வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா என்று யோசித்துக்கொண்டிருப்பாள்.

பகலில் அவளுக்குக் கட்சியின் தூத்துக்குடி அலுவலகத்தில் வேலை. மாலையில் அதே கட்டடத்தின் மாடியில் பேச்சுத் தொழில்நுட்ப வகுப்பு. இரண்டு இடத்திலும் பேச்சு ஒன்றைப் பற்றித்தான்: இணக்கி.

குடியரசுத் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தபின், ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளரை உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் முடிவு செய்தது. அதை உட்தேர்தல் என்றார்கள். போன தடவை அந்த உட்தேர்தலில்தான் கட்சி இரண்டாகக் கிழிந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்த ஊரில், கடற்சுவரை உயர்த்தி இங்கேயே இருப்போம் என்றது ஒரு பாதி. உள்ளே மேட்டு நிலத்தில் வீடு கட்டிக் குடிபெயர்வோம் என்றது மறுபாதி. சுவர்க்காரர்கள், மேட்டுக்காரர்கள். வசவு முற்றி, தோற்ற பாதி தேர்தலன்று வீட்டிலேயே இருந்துவிட்டது. எதிர்க்கட்சி வந்தது. அவர்கள் சுவரையும் கட்டவில்லை, வீட்டையும் கட்டவில்லை. கடற்கரையைக் கடலுக்கே விட்டுவிடலாம் என்பது அவர்களுடைய கொள்கை. வந்ததும் சுவர்ப் பராமரிப்புப் பணத்தைப் பாதியாக வெட்டினார்கள். மறுபடியும் வந்தால் தண்ணீரை வெளியேற்றும் பம்புகளையே நிறுத்திவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே இந்தத் தடவை கட்சி முன்கூட்டியே விழித்துக்கொண்டது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு இணக்கி.

“இதென்ன பிள்ள, அவிச்ச கடலையா?” உப்பளத் தெரு முகாமில் மிக்கேல் என்பவர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். நல்ல கட்டை மீசை. சுவர்க்காரர்.

“காதுல மாட்டுறது மாமா. மேட்டுக்காரங்க யாராவது உங்கள வைதாங்கன்னு வைங்க…”

“வைதாங்கன்னு என்ன வைக்கது? தெனமும்லா வைதானுவ.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விண்ணரசியும் சிரித்துவிட்டுச் சொன்னாள்: “அது உங்க காதுக்கு வரும்போது வசவு இருக்காது. அவங்க கொரல்லயே, சொல்ல வந்த சங்கதி மட்டும் தணிவா வரும். நீங்க அவங்கள வைதாலும் அப்படித்தான். அவங்க காதுல தணிஞ்சுதான் விழும்.”

மிக்கேல் யோசித்தார். “நான் வையிறது அவனுக்கு எட்டாதுன்னா வைது என்ன சொகம்?”

“உங்களுக்கு ஆத்திரம் தீந்துரும். அவங்களுக்கு வலிக்காது. தேர்தலன்னைக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வந்து ஓட்டுப் போடலாம்.”

“நல்லாத்தான் இருக்கு. எம் பொண்டாட்டிக்கு ஒண்ணு கெடைக்குமா?”

“அத்தையும் நம்ம கட்சியில சேந்தா கெடைக்கும்.”

“அவ அந்தக் கட்சி பிள்ள. அதனாலதான கேக்கேன்.”

அன்று கொண்டுபோன பெட்டிகள் எல்லாம் தீர்ந்தன. சரியாக விளக்கினோமா என்ற சந்தேகம் வீடு வரைக்கும் அவளுடன் நடந்து வந்தது. ஆத்திரம் தீரும், வலிக்காது என்று சொன்னது மட்டும் சரி என்று பட்டது. அதை அவள் தன் வீட்டிலேயே சோதித்துப் பார்த்திருந்தாள்.

*

அண்ணன் கித்தேரியான் கடற்சுவரின் பம்பு நிலையத்தில் இயக்குபவன். நான்கு பெரிய பம்புகள். மீட்டர்களைப் பார்ப்பதைவிட ஓசையைக் கேட்டே எது சுணங்குகிறது என்று சொல்லிவிடுவான். வேலை முடிந்து வரும்போது தலையையும் காதுகளையும் சேர்த்து ஒரு துண்டால் இறுக்கச் சுற்றியிருப்பான். கடற்காற்று காதைக் குடைகிறது என்பான். சாப்பிடும்போதுகூட அதை அவிழ்ப்பதில்லை. விடிகாலை வேலைக்குப் போகாத நாட்களில் அவன் தூங்கும்போது இணக்கி மாதா படத்துக்குப் பக்கத்தில் அதன் பெட்டியில் இருக்கும். விண்ணரசி அப்போதுதான் கலத்தை மாற்றுவாள். அவளுடைய கலம் ஒவ்வொரு தடவையும் வற்றிப் போயிருக்கும். அண்ணனுடையதில் பெரும்பாலும் மிச்சம் இருக்கும். அவன் குறைவாகப் பேசுகிறவன், அதனால் நீடிக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

அவன் சுவர்க்காரன். வேறெப்படி இருக்க முடியும்? அவள் மேட்டுக்காரி. அவள் சிறு பிள்ளையாக இருந்தபோது சுவர் உடைந்தது. அப்போது கித்தேரியான் மீசை அரும்பாத பையன். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நடந்து வந்தான். அப்பா வீட்டுக்குள் இருந்தார். திரும்பிப் போனபோது வீடே இல்லை. அந்த இடத்தை விட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட வேண்டும் என்று அவளுக்கு எப்போதும் இருந்தது. அவனுக்கோ அந்த இடத்தைக் காத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று. இதைப் பற்றி அவர்கள் ஒருநாளும் பேசியதில்லை. தேர்தலைப் பற்றித்தான் பேசினார்கள்.

“என்னட்டி, இன்னைக்கு எத்தன பேர் காதுல கல்ல வெச்ச?” என்றான் கித்தேரியான், சோற்றைப் பிசைந்துகொண்டே.

“உங்க தெருக்காரங்க எல்லாரும் வாங்கிட்டாங்க. நீதான் பெரிய எளக்காரம் பேசுத.”

“வாங்கட்டும். உன் ஆளு கருணைவேலு மேட்டுல வீடு கட்டித் தருவாராம்லா? கடல் அங்கயும் ஏறி வந்தா, மேட்டுக்கு மேல மேடு எங்க போய்த் தேடுவாரு?”

இது இணக்கி தணித்துக் கொடுத்தது என்று விண்ணரசிக்குத் தெரியும். அவன் வாயிலிருந்து உண்மையில் என்ன வந்திருக்கும் என்று நினைத்ததுமே அவளுக்கு முகம் சிவந்தது. அவளும் தாராளமாகச் சொன்னாள்: “நீ அந்த ஓட்டப் பம்பக் கட்டிப்புடிச்சிட்டுச் சாகணும். அதுக்கு ஊரே கூடச் சாகணுமாக்கும்? உப்புத் தண்ணில ஊறி ஊறி உன் மூள கருவாடாப் போச்சு. உன்ன மாதிரி ஆளுங்களாலதான் கட்சி நாறுது.”

மைனி செலஸ்தீன் எந்தக் கட்சியிலும் இல்லை. அவள் காதில் எதுவும் கிடையாது. கரண்டியோடு நின்றவள், “ஏ பிள்ள விண்ணு!” என்று வாயெடுத்தாள். விண்ணரசி தன் காதைத் தொட்டுக் காட்டிக் கண்ணடித்தாள். ‘அவனுக்கு இது இப்படிக் கேட்காது மைனி’ என்று அர்த்தம். மைனி புருஷனைப் பார்த்தாள். கித்தேரியான் குழம்புக் கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்தினான்.

“சரிட்டி” என்றான் தங்கையிடம். “மீன எடுத்துப் போட்டுக்க. ஆறிரப் போகுது.”

இணக்கி வேலை செய்கிறது என்று விண்ணரசி நினைத்தாள். மனசு காலியாகி, லேசாக இருந்தது. இரண்டு துண்டு மீன் சாப்பிட்டாள்.

*

மாலை வகுப்பில் இடைவேளையின்போது ஒரு விளையாட்டு நடக்கும். அதற்கு ‘மூலம்’ என்று பெயர். வீட்டில் இணக்கி வழியாகக் கேட்ட தணிந்த வாக்கியம் ஒன்றை ஒருவர் சொல்ல வேண்டும். அதன் மூலம் என்னவாக இருந்திருக்கும் என்று மற்றவர்கள் ஊகிக்க வேண்டும்.

“எங்க மாமனார் நேத்து போன்ல, ‘மாப்பிள, உங்க அபிப்பிராயத்துல எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்’ன்னாரு” என்றான் சுடலைமுத்து, கை கட்டி, மாமனாரைப் போலவே.

“வருத்தமா! மூலம் சொல்லுங்கப்பா மூலம்!”

“‘உனக்குப் போய்ப் பொண்ணக் குடுத்தேன் பாரு, என்னைய செருப்பால அடிக்கணும்.’”

“அது போதாது. ‘உன்னைய’ன்னுதான் இருந்திருக்கும்.”

வகுப்பே குலுங்கியது. விண்ணரசியின் முறை வந்தது. மேட்டுக்கு மேல் மேடு என்று அண்ணன் சொன்னதைச் சொன்னாள்.

சுடலைமுத்து உதட்டைப் பிதுக்கினான். “இது ரொம்ப அழகா இருக்கு. மெஷினு நல்லா ஒழைச்சிருக்கு. மூலம் சின்னதாத்தான் இருக்கும். ‘நாசமாப் போங்கட்டி’. அவ்ளோதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் மனசில் ஒட்டிக்கொண்டது. அன்று இரவு சாப்பாட்டில் அண்ணன் “தண்ணி எடுத்துக் குடுட்டி” என்றபோதுகூட, அதற்குக் கீழே அதுதான் இருப்பதாகக் கேட்டது.

அவள் ஒருநாள் செண்பகராமனிடம் கேட்டாள்: “சார், ஒரு வாக்கியத்த இணக்கி மாத்திச்சா, மாத்தலையான்னு காட்ட ஒரு சின்ன ஓசை வெச்சா என்ன?”

“யோசிச்சோம் விண்ணரசி. மாத்திச்சுன்னு தெரிஞ்சா, எத மாத்திச்சுன்னு தோணும். அப்புறம் அதுவே சண்டை.”

“காதுல மாட்டியிருக்காங்களா இல்லையான்னாவது…”

“அதுவும் வேண்டாம்னுட்டாங்க. உளவு பாக்குறோம்னு பேராகும். கசப்ப மட்டும்தான் அளக்குறோம். ஒரு தெருவுல எவ்வளவு வசவு தணிக்க வேண்டியிருந்ததுன்னு அது சொல்லும். யாரு, என்னன்னு சொல்லாது.”

அலுவலகச் சுவரில் பெரிய பலகை ஒன்றில் ஒவ்வொரு தெருவுக்கும் கசப்பின் அளவு ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எல்லாத் தெருக்களும் சிவப்பாக இருந்தன. மேட்டுக்காரர்களின் தெருக்கள் அப்படியே சிவந்து கிடந்தன. சுவர்க்காரர்களின் தெருக்கள் மட்டும் வாரம் செல்லச் செல்ல வெளிறிக்கொண்டே வந்தன.

*

உட்தேர்தலில் கருணைவேல் வென்றார். சுவர்க்காரர்களின் வேட்பாளர் திலகவதி மேடைக்கே வந்து அவருக்கு மாலை போட்டார். அலுவலகத்தில் லட்டுக் கொடுத்தார்கள். பலகையில் சுவர்த் தெருக்கள் எல்லாம் பூச்சியத்துக்கு வந்துவிட்டன.

“பாத்தீங்களா” என்றார் செண்பகராமன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “தோத்தவன் ஒருத்தன்கூட வையல. போன தடவ இந்நேரம் தெருத் தெருவா மண்ட ஒடஞ்சுது.”

விண்ணரசி பொதுத் தேர்தலுக்காகச் சுவர்த் தெருக்களில் வீடு வீடாகப் போனாள். கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். ‘சரி பிள்ள’, ‘பாப்போம் பிள்ள’ என்றார்கள். மிக்கேல் மீசையைத் தடவிக்கொண்டு, “வெயில்ல அலையாத, மோர் குடிச்சிட்டுப் போ” என்றார். பகடி எதுவும் வரவில்லை. கூட்டம் போட்டால் அவர்களில் யாரும் வருவதில்லை. நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. ஆனால் கசப்பு பூச்சியம் என்கிறது பலகை. கசப்பு இல்லாதவர்கள் ஏன் வரவில்லை? சோம்பல், திமிர், வேறென்ன என்று அவள் முடிவு செய்துகொண்டாள். ஊருக்கே தண்ணீர் ஏறப்போகிறது, இவர்களுக்குத் தங்கள் ஆள் தோற்றதுதான் பெரிது. அந்த எரிச்சலையெல்லாம் அடக்கி அடக்கி, வீட்டுக்கு வந்து ஒரே ஆளின் மேல் கொட்டினாள்.

தேர்தலுக்கு முதல் நாள் பருவம் தப்பிய மழை பிடித்துக்கொண்டது. கித்தேரியான் நனைந்த துண்டோடு வந்து உட்கார்ந்தான்.

“நாளைக்குச் சீக்கிரமாப் போய் ஓட்டுப் போட்டுரு” என்றாள் விண்ணரசி.

“ரெண்டாம் பம்பு எரையுது. பாத்துட்டுப் போறேன்.”

பம்பு. அந்த ஒரு சொல்லில் அவளுக்குள் எல்லாம் ஒருசேரப் பொங்கியது. பார்த்துவிட்டுப் போகிறானாம். இவன் போகமாட்டான். இவனும் இவன் தெருவும் நாளைக்குக் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு ஊரை முங்கவிடப் போகிறார்கள். தணித்தே இவ்வளவு அலட்சியம் என்றால், மூலம் என்னவாயிருக்கும்?

“போகாத” என்று கத்தினாள். “நீங்கல்லாம் வராம இருந்தாலே கட்சிக்குப் புண்ணியம். செவரக் காப்பாத்தப் போறானாம் செவர! அப்பாவத் தண்ணில விட்டுட்டு ஓடி வந்தவன்தான நீ? பெத்த தகப்பனக் காப்பாத்தத் துப்பில்ல, ஊரக் காப்பாத்தப் போறியா?”

மைனியின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

கித்தேரியான் தட்டு உருண்டு நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து அதை எடுத்து, கழுவி, இருந்த இடத்தில் வைத்தான்.

“மழ வலுக்குது” என்றான். “நீ நாளைக்குக் கொட எடுத்துட்டுப் போ.”

சொன்னது கொஞ்சம் அதிகம் என்று விண்ணரசிக்குப் படுக்கும்போது தோன்றியது. நாட்குறிப்பில் எழுதலாமா என்று யோசித்தாள். அவன் காதுக்குப் போகாத சொல் எப்படிப் பிழையாகும்? அன்றைய பிழையாக, துண்டறிக்கைக் கட்டை மழையில் நனையவிட்டதை எழுதினாள்.

*

கட்சி தோற்றது. மேட்டுக்காரர்கள் திரண்டு வந்து வாக்களித்திருந்தார்கள். சுவர்த் தெருக்களின் சாவடிகளில் வரிசையே இருக்கவில்லை. வென்ற கட்சி, பம்பு நிலையங்கள் மழைக்காலத்துக்குப் பிறகு மூடப்படும் என்று முடிவு வந்த அன்று காலையிலேயே அறிவித்தது.

அலுவலகத்தில் செண்பகராமன் பலகையின் எதிரே நின்றுகொண்டிருந்தார். யாரும் அதை அணைக்கவில்லை. சுவர்த் தெரு, கசப்பு: பூச்சியம். உப்பளத் தெரு, கசப்பு: பூச்சியம்.

“கோவம் இல்ல. வருத்தம் இல்ல” என்றார் தனக்குத்தானே. “பின்ன ஏன் வரல?”

“திமிரு சார்” என்றாள் விண்ணரசி. “எங்க அண்ணனையே எடுத்துக்கோங்க.” குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். இன்றைக்கு அவனை விடுவதாக இல்லை.

வீட்டில் மைனி மட்டும் இருந்தாள். கொடியில் கித்தேரியானின் வேலைச் சட்டைகள் இல்லை. துண்டும் இல்லை.

“எங்க மைனி அந்தப் பெரிய மனுசன்? ஓட்டுப் போடாம ஒளிஞ்சுகிட்டாரோ?”

செலஸ்தீன் நிமிர்ந்து பார்த்தாள். அழுது முடித்த முகம். “காதுல கெடக்கத மொதல்ல கழத்து.”

“நீங்கதான் கட்சியில இல்லையே மைனி. நீங்க பேசுதது எனக்கு அப்படியேதான் கேக்கும்.”

“கேக்குதாக்கும்? எனக்கு நம்பிக்கையில்ல. கழத்துட்டி.”

கழற்றினாள்.

“அவிய ஓட்டுப் போட்டாவ. மழையில, குட இல்லாம, தனி ஆளா அந்தச் சாவடில போய் நின்னு போட்டாவ. உன் ஆளு கருணைவேலுக்குத்தான். ‘பிள்ள மேட்டுக்குப் போகணும்னு ஆசப்படுது, போகட்டும்’னாவ. பம்பு நிக்கும்னு தெரிஞ்சதும் வடக்க பாரதீப் தொறமுகத்துல தூர் வாருத கப்பலுக்கு ஆள் எடுக்காவன்னு, இன்னைக்கு மத்தியான வண்டிக்குப் போயிட்டாவ. ‘ஓட்டப் போட்டுட்டேன். அதுக்கு மேல அவளுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணுமில்ல’ன்னு சொல்லிட்டுப் போனாவ.”

“எதுக்கு மைனி? நான் என்ன… அவனுக்குத்தான் ஒண்ணும் கேக்கலையே.”

மைனி எழுந்து போய் மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்த பெட்டியை எடுத்துவந்து அவள் மடியில் போட்டாள். அதற்குள் இணக்கி, போன வாரம் அவள் வைத்த கலத்தோடு, பளபளவென்று இருந்தது.

“ரெண்டு தடவ தவிர இது அந்தப் பெட்டிய விட்டு வெளிய வந்ததே இல்ல பிள்ள. பம்புகிட்ட இத மாட்டுனா மோட்டார் எரையிறதையும் அமுக்கிருதாம். எது ரிப்பேர்னே தெரியலன்னாவ. அங்க ஒருத்தரும் மாட்டுறதில்ல. உப்பளத்துலயும் மாட்டல, காத்தும் மெஷினும் கேட்டாத்தான அவங்களுக்கு வேல? வீட்ல மட்டுமாவது மாட்டுங்கன்னு நாந்தான் சொன்னேன். ஒரே ஒரு நாள் மாட்டிப் பாத்தாவ. நீ என்னமோ பேசின. கழத்தி வெச்சிட்டாவ. ‘யாரோ வெளியூர்க்காரி பேசுத மாதிரி இருக்கு செலஸ்தீன். நம்ம விண்ணு மாதிரியே இல்ல. அவ வையட்டும், பரவால்ல’ன்னாவ.”

விண்ணரசி பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ அவன் என்கிட்ட பேசினது…”

“என்ன பேசினாவ? சாப்புடுன்னாவ. மீன் எடுத்துக்கன்னாவ. குட எடுத்துட்டுப் போன்னாவ.”

அவ்வளவுதான். அதற்கு மூலம் என்று ஒன்று இருக்கவில்லை. மேட்டுக்கு மேல் மேடு எங்கே என்று கேட்டதுகூட, அவன் கேட்டது அதைத்தான். இத்தனை மாதங்களாக அவனுடைய சொற்களுக்கு அடியில் அவள் கேட்ட அத்தனை வசவும் அவளுடையது. அவளுடைய வசவு அத்தனையும் அவனுக்குக் கேட்டிருக்கிறது.

உப்பளத்திலும் மாட்டவில்லை. பலகையில் வெளிறிய தெருக்களை அவள் நினைத்தாள். சுவர்க்காரர்களின் இணக்கிகள் பெட்டிகளுக்குள் அமைதியாக இருந்தன. ஒன்றும் கேட்காததால் ஒன்றையும் தணிக்கவில்லை. பூச்சியம் என்று சொல்லிக்கொண்டிருந்தன. மேட்டுக்காரர்களோ, எதிரே இருப்பவனுக்கு வலிக்காது என்று நம்பி, கடைகளிலும் பஸ்ஸிலும் வாசல்களிலும் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள். நம்பும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். மிக்கேல் மோர் குடித்துவிட்டுப் போ என்று சொன்னது ஞாபகம் வந்தது. அன்று அவர் வீட்டு வாசலில் ஏறும்போதே பக்கத்திலிருந்த தோழியிடம் ‘இந்தக் கட்ட மீசையெல்லாம் திருந்தாத ஜென்மம்’ என்று அவள் உரக்கத்தான் சொல்லியிருந்தாள்.

போனை எடுத்தாள். இரண்டு தடவை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவை எடுத்தான். ரயிலின் தடதடப்பு.

“அண்ணே.”

“சொல்லுட்டி.”

அவள் மடியிலிருந்த பெட்டியை மூடினாள்.

“காதுல அது கெடக்கா?” என்று கேட்டான்.

“இல்ல. கழத்திட்டேன்.”

“மைனி சொல்லிட்டாளாக்கும். அவ வயித்துல ஒண்ணு தங்காது.”

“அண்ணே, அன்னைக்கு நான் அப்பாவப் பத்திச் சொன்னது…”

“அது ஒண்ணும் புதுசில்லட்டி.” அவன் குரல் எப்போதும்போலத் தணிவாகத்தான் இருந்தது. “ஊர்ல யாரும் வாயத் தொறந்து சொல்லல. நீ சொல்லிட்ட. நான் தெனமும் அதத்தான நெனச்சிக்கிட்டுப் படுக்கேன்.”

அவன் வைதிருந்தால் தாங்கியிருக்கலாம். இத்தனை மாதங்களாக அவள் ஊகித்து ஊகித்துச் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஏதாவது ஒன்றை அவன் சொல்லியிருக்கலாம்.

“அப்படியில்லண்ணே…”

“வண்டி பாலத்துல ஏறுது. கேக்காது, வைக்கேன். பம்பு நெலயத்து வாசல்ல பூன ரெண்டு கெடக்கும். மீன் தல போடணும்னு மைனிகிட்டச் சொல்லு.”

தடதடப்பு பெரிதாகி, அறுந்தது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

மைனி அடுப்பைப் பற்றவைத்தாள். வெளியே மழைக்கு ஊடே பம்புகள் உறுமிக்கொண்டிருந்தன. அந்த ஓசையை அவள் ஒருநாளும் கவனித்துக் கேட்டதில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல் இரைந்தது. அது இரண்டாவதா மூன்றாவதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாட்குறிப்பை எடுத்து எழுதினாள். எழுதியதை இந்தத் தடவை அடித்துத் திருத்தவில்லை.

2091, ஜூன் 19.
இன்றைய பிழை: அண்ணனுடைய இணக்கிக்கு இத்தனை மாதங்களாகக் கலம் மாற்றிக்கொண்டிருந்தேன்.
நாளைய வேலை: சுவர்த் தெருவிலும் உப்பளத் தெருவிலும் வீடு வீடாகப் போய் இணக்கிகளைத் திரும்ப வாங்க வேண்டும். மிக்கேல் மாமா வீட்டில் தொடங்க வேண்டும். காதில் எதுவும் மாட்டக் கூடாது. போகும் வழியில் பூனைகளுக்கு மீன் தலை.